கார் இல்லாமல் சேலமும் ஏற்காடும்: இரண்டு நாள் சுற்ற ஒரு செய்முறை

சேலத்துக்கு வருகிற பலரும் ஜங்ஷனில் இறங்கி நேராக ஏற்காடு போகிறார்கள். வெயில் ஏறிய பிறகு மேலே போய்ச் சேர்ந்து, ஏரியில் படகு விட்டு, பஜ்ஜி சாப்பிட்டு, இருட்டும் நேரத்தில் கூட்டத்தோடு இறங்கி ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். ஊரை அவர்கள் பார்ப்பதே இல்லை. மலையையும் அதன் நல்ல நேரத்தில் பார்ப்பதில்லை. சேலத்துக்காரனான எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம். அதனால் வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு எழுதிக் கொடுக்கிற திட்டத்தை இங்கேயும் எழுதி வைக்கிறேன். பேருந்தும் ஆட்டோவும் போதும்.

இதன் அடிப்படை ஒன்றுதான்: மலைக்குக் காலை, ஊருக்கு மாலை. மலையில் காலையில் கூட்டம் இல்லை, காற்று சுத்தம், சாலை காலி. சேலத்தின் கடைவீதிகளும் தள்ளுவண்டிகளும் மாலையில்தான் களை கட்டும். ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

படி 1: நாளும் ரயிலும்

செவ்வாய் முதல் வியாழன் வரை ஏதாவது இரண்டு நாள் எடுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு ஏற்காடு எக்ஸ்பிரஸ் வசதி. பெயரைப் பார்த்து மலைக்கே போகும் என்று நினைத்துவிட வேண்டாம். அது ஈரோடு வரை போகும் இரவு ரயில், சேலம் ஜங்ஷனில் விடிவதற்கு முன்பே இறக்கிவிடும். ஏற்காட்டுக்கு ரயில் பாதையே கிடையாது. இன்னொன்று, சேலத்தில் ஜங்ஷன், மார்க்கெட், டவுன் என்று மூன்று நிலையங்கள் உண்டு. எழும்பூரிலிருந்து விருத்தாசலம் வழியாக வரும் ரயில் என்றால் டவுன் நிலையத்திலேயே இறங்கலாம், ஊரின் நடுவில் இருக்கிறது. மற்ற பெரிய ரயில்கள் எல்லாம் சூரமங்கலத்தில் உள்ள ஜங்ஷனுக்குத்தான் வரும். டிக்கெட் போடும்போதே எந்த நிலையம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: தங்குவது

முதல் இரவு ஊரில், புதிய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுங்கள். ஏற்காடு பேருந்துகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. மறுநாள் விடியற்காலையில் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் கடந்து போக வேண்டியிருக்காது.

மலையில் தங்கலாமே என்று கேட்பீர்கள். லேடீஸ் சீட் என்ற மலைமுனையிலிருந்து இரவில் சேலம் நகரத்து விளக்குகளைப் பார்க்க ஆசை இருந்தால் கட்டாயம் மேலே தங்க வேண்டும், அது அருமையான காட்சி. ஆனால் அதற்கு மூன்றாவது நாள் ஒன்று வேண்டும். இரண்டு நாளில் அதையும் நுழைத்தால் கடைவீதி போய்விடும்.

படி 3: முதல் நாள் காலை, தாரமங்கலம்

ரயிலில் வந்த களைப்போடு மலைப்பாதையில் ஏறாதீர்கள், தலை சுற்றும். குளித்து, டிபன் சாப்பிட்டுவிட்டுத் தாரமங்கலம் போங்கள். ஊரிலிருந்து மேற்கே ஏறக்குறைய 25 கிலோமீட்டர். கெட்டி முதலிகள் என்ற பாளையக்காரர்கள் எழுப்பிய கைலாசநாதர் கோயில் அங்கே இருக்கிறது. மேற்குப் பார்த்த கோயில். கோபுரத்தின் அடிப்பகுதியைத் தேர் போலச் செதுக்கியிருக்கிறார்கள், யானைகளும் குதிரைகளும் அதை இழுக்கின்றன. உள்ளே யாளியின் வாய்க்குள் உருளும் கல் பந்து, கல்லிலேயே வடித்த சங்கிலி, ரதியும் மன்மதனும், வாலியும் சுக்ரீவனும். ரதி பக்கம் நின்று பார்த்தால் மன்மதன் தெரிவான், மன்மதன் பக்கம் நின்றால் ரதி தெரியமாட்டாள் என்று உள்ளூர்க்காரர்கள் நிற்க வைத்துக் காட்டுவார்கள். பொறுமையாகக் கேளுங்கள், தூண்களைப் பற்றி அவர்களிடம் நிறையக் கதை இருக்கிறது.

மதியம் நடை சாத்திவிடுவார்கள். காலையிலேயே போய் முடித்துவிட்டு அறைக்குத் திரும்பி ஒரு தூக்கம் போடுங்கள். மாலைக்கு அது தேவைப்படும்.

படி 4: முதல் நாள் மாலை, ஊர்

வெயில் தாழ்ந்ததும் கோட்டை மாரியம்மன் கோயிலில் தொடங்கலாம். சுகவனேசுவரர் கோயிலும் அந்தப் பக்கம்தான். கிளி முகம் கொண்ட சுக முனிவர் வழிபட்ட தலம் என்பது தலபுராணம், அருணகிரிநாதரின் திருப்புகழும் உண்டு. அங்கிருந்து கடைவீதி, அப்புறம் செவ்வாய்ப்பேட்டை.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக்குப் பேர் போன இடம். இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் செய்த கொலுசு நாடு முழுக்கப் போகிறது. வாங்குவதாக இருந்தால் எத்தனை டச் (அதாவது வெள்ளியின் சுத்தம்), செய்கூலி எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். எடையை உங்கள் கண் முன்னால் போடச் சொல்லி, டச் எழுதிய பில்லை வாங்கிக்கொள்ளுங்கள். சேலம் வெண்பட்டும் ஜவ்வரிசியும்கூட இந்த ஊரின் அடையாளங்கள், இரண்டுக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது.

இப்போது சாப்பாடு. தட்டுவடை செட் சாப்பிடாமல் சேலம் வந்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது. இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் கேரட்டும், பொடியாக நறுக்கிய வெங்காயமும் வைத்து, காரச் சட்னி ஒன்று, பச்சைச் சட்னி ஒன்று தடவித் தருவார்கள். கையில் வாங்கியதும் ஒரே வாயில் போட வேண்டும். போட்டோ எடுத்துக்கொண்டு நின்றால் சட்னி ஊறி நமத்துப் போகும். பார்சல் கேட்காதீர்கள். தட்டுவடைக்குப் பதில் முறுக்கு வைத்தால் முறுக்கு செட். எல்லாவற்றையும் உடைத்துப் பிசறிக் கொடுத்தால் நொறுக்கல். முதல் தடவை என்றால் சாதா செட்டில் தொடங்கி நொறுக்கலில் முடியுங்கள் என்பது என் சிபாரிசு. செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை எங்கும் தள்ளுவண்டிகள் நிற்கும். எந்த வண்டியில் உள்ளூர்ப் பெண்கள் குழந்தைகளோடு நிற்கிறார்களோ அதுவே நல்ல வண்டி.

ஏப்ரல் முதல் ஜூன் வரை வந்தால் மாம்பழம். மல்கோவாவும் இமாம் பசந்தும் சாப்பிட, கிளிமூக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக் கடிக்க. ஊருக்குக் கொண்டுபோவதாக இருந்தால் அரைப்பழமாக எடுங்கள். தோல் முழுக்க ஒரே மஞ்சளாக இருந்தும் காம்பில் வாசனையே இல்லை என்றால் கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்ததாக இருக்கும், தொடாதீர்கள்.

படி 5: மலை ஏறுவது

மறுநாள் அறையைக் காலி செய்து, பையை விடுதியிலேயே கொடுத்து வைத்துவிட்டு, விடிந்ததும் புதிய பேருந்து நிலையம் போய்விடுங்கள். டாக்ஸியைவிட அரசுப் பேருந்தையே நான் விரும்புவேன். தினமும் அதே பாதையில் ஓட்டுகிற ஓட்டுநருக்கு ஒவ்வொரு வளைவும் கைப்பழக்கம், ஜன்னலும் பெரியது.

ஏறத்தாழ 30 கிலோமீட்டர், 20 கொண்டை ஊசி வளைவுகள். போகிற வழியில் ஏற்காடு சாலையில் ஒரு பழைய நுழைவு வளைவு தெரியும். 1935-இல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடம் அது. ஸ்டுடியோ போய்விட்டது, வளைவு மட்டும் நிற்கிறது. கண்டிப்பாக எட்டிப் பாருங்கள்.

வாந்தி வருமோ என்று பயப்படுகிறவர்கள் முன்பக்க இருக்கையில் உட்காருங்கள், போனைப் பார்க்காதீர்கள், இரண்டு இட்லிக்கு மேல் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை, அடிவாரச் சோதனைச் சாவடியில் பார்ப்பார்கள்.

படி 6: மேலே சுற்றுவது

முதல்முறை வருபவர்கள் தடுமாறுகிற இடம் இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பேருந்து ஒண்டிக்கடைப் பக்கம் இறக்கிவிடும். ஏரி அங்கேயே இருக்கும், அண்ணா பூங்காவும் பக்கத்தில். உடனே எல்லோரும் ஏரிக்குப் போய்விடுவார்கள். நீங்கள் போகாதீர்கள். ஏற்காட்டின் மற்ற இடங்கள் எல்லாம் நாலா பக்கமும் சிதறிக் கிடக்கின்றன. லேடீஸ் சீட் ஒரு திசை, பகோடா பாயிண்ட் ஒரு திசை, சேர்வராயன் கோயில் இன்னொரு திசை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம் என்று மேப் பார்த்து நினைத்தால் ஏற்ற இறக்கத்தில் பாதி நாள் போய்விடும். ஆகவே தூரத்தில் இருப்பதை முதலில் முடித்து, நடந்து போகக்கூடிய ஏரியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏரி முடிந்தால் பேருந்து நிலையமும் பக்கத்திலேயே.

ஆட்டோ பேசும்போது "சைட் சீயிங் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அவரவர் வழக்கப்படி ஏழெட்டு இடம் சொல்லுவார்கள், அதில் பாதி கடைகளாக இருக்கும். உங்கள் பட்டியலை நீங்களே சொல்லுங்கள்: "சேர்வராயன் கோயில், பொட்டானிகல் கார்டன், பகோடா பாயிண்ட், லேடீஸ் சீட், கடைசியில் ஏரியில் இறக்கிவிடணும் அண்ணா. ஒவ்வொரு இடத்திலும் அரை மணி நேரம் நிற்கணும். வெயிட்டிங்கோடு சேர்த்து எவ்வளவு?" இப்படிக் கேட்டால் பேச்சு தெளிவாக முடியும். காலையில் முதல் சவாரி என்பதால் விலையும் நியாயமாக இருக்கும். சிக்னல் சில இடங்களில் வராது, ஜிபேயை மட்டும் நம்பாமல் சில்லறையாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சேர்வராயன் கோயில். மலையின் உச்சி, ஏறத்தாழ 5,300 அடி. சின்னக் குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் இருக்கிறார்கள், குனிந்துதான் போக வேண்டும். இந்த மலையின் பழங்குடி மக்களுக்கு இது குலசாமி, மே மாதத் திருவிழாவுக்கு மலைக் கிராமங்கள் எல்லாம் இங்கே கூடும். சுற்றிலும் வெட்டவெளி. காலைக் காற்றில் அங்கே கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள், பக்கத்தில் பாட்டு போடாதீர்கள்.

அடுத்து இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தோட்டம். ஆர்க்கிட் வகைகளுக்காகவே வைத்திருக்கிற இடம். மேகாலயாவின் காசி (Khasi) மலையிலிருந்து கொண்டுவந்த பூச்சி பிடிக்கும் குடுவைத் தாவரம் இங்கே இருக்கிறது, குழந்தைகள் இதை விட்டு நகரமாட்டார்கள்.

பிறகு பகோடா பாயிண்ட், அப்புறம் லேடீஸ் சீட். மூடுபனி மறைத்திருந்தால் உடனே கிளம்பிவிடாமல் ஒரு டீ குடித்துக் காத்திருங்கள். பல நேரம் பனி தானாகவே விலகி, கீழே மலைச்சாலையும் சேலம் ஊரும் தெரியும். குரங்குகள் உண்டு, கையில் தின்பண்டப் பை வேண்டாம்.

வழியெல்லாம் காபித் தோட்டம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் இந்த மலைக்குக் காபி வந்தது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும், அதன் நிழலில் காபிச் செடி. மார்ச், ஏப்ரலில் மழை பெய்து சில நாளில் பூக்கும், மலைப்பாதையே மணக்கும். காபித்தூள் வாங்கினால் சிக்கரி கலக்காமல் பிளாண்டேஷன் ஏ என்ற ரகக் கொட்டையும் பீபெரி என்ற உருண்டைக் கொட்டையும் சரிபாதி போட்டு, பில்டருக்கு அரைக்கச் சொல்லுங்கள். எனக்குப் பிடித்த கலவை அது.

கிளியூர் அருவி ஏரியின் உபரி நீர் விழுகிற இடம். மழைக்காலம் முடிந்தபின் வந்தால் மட்டும் பட்டியலில் சேருங்கள். கோடையில் பாறைதான் இருக்கும்.

படி 7: இறங்குவது

மூன்று, மூன்றரைக்குள் பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுங்கள். பேருந்து கிளம்புகிற இடத்திலேயே ஏறுங்கள், வழியில் நின்று கை காட்டினால் இடம் கிடைக்காது. ஐந்து மணிக்குள் ஊரில் இருப்பீர்கள். இன்னொரு தட்டுவடை செட்டுக்கு நேரம் இருக்கும்.

பின்சேர்க்கை: இதைப் படித்துப் போய்வந்தவர்கள் சொன்னவை

மூட்டு வலி உள்ள பெரியவர்களோடு போன ஒருவர், கிளியூர் படிக்கட்டுகளில் அம்மாவால் ஏறவே முடியவில்லை என்று எழுதியிருந்தார். இறங்குவது சுலபம், செங்குத்தான படிகளில் திரும்பி ஏறுவதுதான் சிரமம். பெரியவர்கள் இருந்தால் அருவியை விட்டுவிடுங்கள். சேர்வராயன் குகைக்குள்ளும் குனிய முடியாதவர்கள் வெளியே இருந்தே கும்பிடலாம்.

ஆடி மாதத்தில் வந்த ஒரு குடும்பத்துக்கு அறையே கிடைக்கவில்லை. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவின்போது ஊர் முழுக்கக் கூட்டம், சாலைகளைத் திருப்பிவிடுவார்கள். ஆனால் ஊருக்குள் குகை என்ற பெயருள்ள பகுதியில் நடக்கும் வண்டி வேடிக்கையில் புராண வேடம் போட்டுக்கொண்டு அலங்கார வண்டிகளில் வருவதைப் பார்க்கவே வரலாம். அறையை மட்டும் முன்கூட்டியே போட்டுவிடுங்கள், மலையை இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, மே மாதக் கோடை விழா. அந்த நாட்களில் வண்டிகளை அடிவாரம் வழியாக ஏற்றி, குப்பனூர் வழியாக இறக்கிவிடுவது உண்டு. கனமழையில் மண் சரிந்தாலும் அதேதான். குப்பனூர்ப் பாதை அயோத்தியாப்பட்டணம் பக்கம் கொண்டுபோய் விடும், ஊருக்குள் வர இன்னும் நேரம் பிடிக்கும். அப்படி ஒரு நாளில் மாட்டினால் படி 7-இல் சொன்ன நேரத்தை இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். ஏரியில் படகு போகாவிட்டாலும் பரவாயில்லை, ஜங்ஷனில் ரயிலை விட்டுவிடக்கூடாது.