காப்பாற்ற வேண்டியது எது என்று முதலில் ஊரைக் கேளுங்கள்

கடல் அரிக்கும் கரையில் உள்ள பழைய இடங்களைப் பதிவு செய்வது என் வேலை. இந்த வேலைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது: கேமராவை எடுக்காதீர்கள், பட்டியலைப் பாருங்கள். அரசுப் பட்டியலில் கோட்டையும் கோபுரமும் இருக்கும். மூதாதையரைப் புதைத்த மேடும் படகு கட்டும் கொட்டகையும் பெரும்பாலும் இருக்காது. பணம் வந்தால் பட்டியலில் உள்ளதற்குத்தான் போகும்.

அதனால் அங்கே வாழ்கிறவர்களோடு உட்கார்ந்து வேறொரு பட்டியல் போடுங்கள். ஊர்ப் பெரியவர்கள் இருக்கும் கூட்டத்தில் பெண்களும் நிலமில்லாதவர்களும் பேச மாட்டார்கள். அவர்களைத் தனியாகச் சந்தியுங்கள். "எது போனால் இது உங்கள் ஊராகவே இருக்காது?" என்று கேளுங்கள். அப்புறம், தண்ணீர் எங்கே ஏறுகிறது, எந்தச் சுவர் முதலில் விழும் என்று கேளுங்கள். அளவுக் கருவி சொல்லாததையும் அவர்கள் சொல்வார்கள். அந்த நேரத்துக்குக் கூலி கொடுங்கள். நிபுணருக்குச் சம்பளம், ஊர்க்காரருக்கு நன்றி மட்டும் என்பது அநியாயம்.

இப்படிச் செய்ய முடியும் என்பதற்கு அலாஸ்காவின் குவின்ஹாகாக் சாட்சி. உறைந்த மண் உருகி, கரை இடிந்து, யூபிக் பழங்குடி மக்களின் பழைய குடியிருப்பு கடலுக்குள் சரிந்துகொண்டிருந்தது. ஊரே ஆய்வாளர்களை அழைத்தது. 2009-இல் அகழாய்வு தொடங்கியது. எடுத்த பொருட்கள் வெளியூர்க் கிடங்கிலேயே தங்கிவிடவில்லை. 2018-இல் அந்த ஊரிலேயே அருங்காட்சியகம் திறந்தார்கள்.

முப்பரிமாணப் படம் எடுப்பதென்றால் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். கோப்பு யாரிடம் இருக்கும், யார் பார்க்கலாம், எதை வெளியே காட்டவே கூடாது என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பழங்குடி மக்களின் இந்த உரிமையை 2007-ஆம் ஆண்டு ஐ.நா. பிரகடனமே சொல்கிறது. "வேண்டாம்" என்றால் கிளம்பிவிடுங்கள்.

பராமரிப்புக்கும் நிதி கேளுங்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் மாலி நாட்டின் ஜென்னே ஊரில் உள்ள மண் மசூதி நிற்பது கொத்தனார்களும் ஊராரும் ஆண்டுதோறும் சேர்ந்து பூசுவதால்தான். அங்கே சுவரோடு சேர்த்து அந்தக் கைப்பழக்கத்தையும் காக்க வேண்டும். இளைஞர்கள் தொழில் பழக ஆகும் செலவைத் திட்டத்தில் தனி வரியாகவே எழுதுங்கள்.

சில இடங்களைக் காப்பாற்ற முடியாது. அதை மறைக்காமல், சீக்கிரமே சொல்லிவிடுங்கள். பிஜியின் வுனிடோகோலோவா கிராமம் 2014-இல் மேட்டு நிலத்துக்கு இடம் மாறியது. புது இடத்தில் வீடு கட்டிவிடலாம். கல்லறைகளை என்ன செய்வது? பெயர்ப்பதா, விடுவதா, எந்தச் சடங்கோடு விடைபெறுவது என்பதை அந்தக் குடும்பங்களே முடிவு செய்யட்டும். அதற்கான அவகாசத்தையும் செலவையும் முதல் நாளே திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.