செய்பெக் ஆடப் பழகுவது எப்படி

அடிவைப்பைத் தேடி ஓடாதீர்கள்; முதலில் தாளம் உடம்பில் ஏறட்டும். செய்பெக், மேற்குத் துருக்கியின் ஒன்பது எண்ணிக்கை கொண்ட ஆட்டம். கர்நாடக இசையின் ஒன்பது எண்ணிக்கைச் சங்கீர்ண நடையில் ‘தக திமி தக தகிட’ சொல்லத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது. சில மெட்டுகளில் கடைசி மூன்று எண்ணிக்கையான ‘தகிட’ முன்னாலேயே வந்துவிடும்; அப்போது ‘தகிட தக திமி தக’ ஆகும். எது என்பதைத் தாவுல் சொல்லும். தோளில் தொங்கும் அந்த மேளத்தை ஒரு பக்கம் தடித்த கழியாலும் மறுபக்கம் மெல்லிய குச்சியாலும் அடிப்பார்கள். தடித்த அடியையே பிடித்துக்கொள்ளுங்கள். கூட வரும் சூர்னா என்ற ஊதுகருவி இரண்டில் ஒன்று மெட்டை வாசிக்கும், மற்றது ஒத்து ஊதும்.

புதிதாக ஆடுபவர் சறுக்குவது பெரும்பாலும் எட்டாவது எண்ணிக்கையில்தான். அடுத்த சுற்றுக்குக் கால் அவசரப்படும். ஒன்பதாவதில் கால் அசையக் கூடாது. அந்த நிறுத்தம்தான் செய்பெக்.

காரணம் ஆட்டத்தின் பிறப்பில் இருக்கிறது. மேற்குத் துருக்கியின் அய்தின், இஸ்மிர், மூலா, டெனிஸ்லி மலைகளில் உஸ்மானிய ஆட்சிக் காலத்தில் திரிந்த ஆயுதக் குழுக்கள்தான் செய்பெக்குகள். தலைவர் எஃபே, வீரர் செய்பெக், பழகுநர் கஸன். அரசுக்கு அவர்கள் கொள்ளையர், பல கிராமங்களுக்குக் காவலர். இரண்டிலும் உண்மை உண்டு. 1919 மே மாதம் கிரேக்கப் படை இஸ்மிரில் இறங்கியதும், யோருக் அலி எஃபே போன்றவர்கள் அதை எதிர்த்துப் போரிட்டார்கள். ஆட்டம் காட்டுவது அந்த எஃபேயின் மிடுக்கை. எஃபே அவசரப்பட மாட்டார்.

‘ஆர்’ எனப்படும் மெதுவான வகையில் தொடங்குங்கள். முதல் சில சுற்றுகளுக்கு வட்டமாக நடந்தாலே போதும். குதிகால் முதலில், பிறகு முழுப்பாதம். பிறகு கைகளைத் தோள் உயரத்துக்கு விரியுங்கள். முழங்கை லேசாக மடங்கியிருக்கட்டும், விரல் சொடுக்கு தாளத்தில் விழட்டும். கழுகின் இறக்கை என்பார்கள். தோள்பட்டை காதை நோக்கி ஏறினால் அது கழுகல்ல, குளிரில் நடுங்கும் கோழி. பார்வை தரைக்குப் போகவே கூடாது.

முழங்கால் இறக்கம்தான் கடினமானது. ஒரு காலை முன்வைத்து எடை முழுவதையும் அதில் நிறுத்துங்கள். முதுகு நிமிர்ந்தபடி, இரண்டு எண்ணிக்கையில் பின்முழங்காலை இறக்குங்கள். தரையைத் தொட்டால் போதும், மோதக் கூடாது. ‘டொக்’ என்று சத்தம் வந்தால் எடை பின்னால் போய்விட்டது என்று அர்த்தம். எழும்போது முன்குதிகாலால் தரையை அழுத்துங்கள், கை ஊன்றாதீர்கள். ஒரு நாளைக்குக் காலுக்குப் பத்து தடவை, முழங்கால் உறை கட்டிக்கொண்டு. உடையில் முழங்கால் வெறுமையாகவே இருக்கும், ஆகவே மேடையில் உறை கிடையாது.

ஹார்மண்டாலி போன்ற மெட்டுகளைத் தனியாளாக ஆடுவது வழக்கம். ஒருவர் ஆடும்போது அழைக்காமல் நடுவில் நுழைவது மரியாதைக் குறைவு.

உடை கட்டும்போது முதலில் அகலமான துணிக்கச்சை, அதன்மேல் கத்தி செருகும் தோல்பட்டை. இதைத் தாழ்வாகக் கட்டினால் முழங்காலிடும்போது அடிவயிற்றில் குத்தும்; கட்டியதும் ஒருமுறை இறங்கிப் பார்த்துவிட்டு மேடையேறுங்கள்.