வெள்ள நிவாரணக் கிடங்கை நடத்தும் முறை: வாசல் மேசை முதல் குட்டியானை வரை

2015 டிசம்பர் 1 காலை தொடங்கி ஒரே நாளில் சென்னையை அடுத்த தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டி, முடிச்சூர், ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் என அடையாற்றையொட்டிய பகுதிகள் மூழ்கியபோது, நாங்கள் சிலர் ஒரு திருமண மண்டபத்தை நிவாரணக் கிடங்காக நடத்தினோம். பொருள் திரட்டும் வழிகளை இங்கே எழுதவில்லை. அது கேட்டாலும் கேட்காவிட்டாலும் வந்து குவியும். உரியவர் கையில் சேர்ப்பதில்தான் வேலை இருக்கிறது.

முதலாவதாக, ஒவ்வொரு பகுதிக்கும் அங்கேயே இருக்கும் ஒருவரைப் பொறுப்பாக வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை குடும்பங்கள், எத்தனை கைக்குழந்தைகள், வண்டி எந்தத் தெரு வரை போகும் என்ற மூன்றையும் அவர் சொன்னால் போதும்.

இரண்டாவது படி பிரித்தல். நாங்கள் இடறி விழுந்தது இங்கேதான். முதல் இரண்டு நாள்கள் வந்த மூட்டைகளை அப்படியே சுவரோரம் அடுக்கினோம். பால்பவுடர் கேட்ட தெருவுக்கு இரவோடு இரவாக அனுப்பிய மூட்டைகளை அவர்கள் அவிழ்த்தபோது, உள்ளே பழைய புடவைகளும், கசிந்த பினாயிலில் ஊறிய பிஸ்கட் பொட்டலங்களுமே இருந்தன. மறுநாள் வாசலை மறித்து ஒரு நீளமான மேசையைப் போட்டோம். பிரித்துப் பார்க்காத எந்த மூட்டையும் அதைத் தாண்டக் கூடாது. ஓர் அட்டைப்பெட்டியில் ஒரே வகைப் பொருள்தான் இருக்க வேண்டும். பெயர், எண்ணிக்கை, காலாவதித் தேதி ஆகியவற்றை அழியாத மார்க்கரால் பெட்டியின் இரண்டு பக்கங்களில் எழுத வேண்டும். மேல்மூடியில் மட்டும் எழுதினால், அடுக்கிய பின் மேலிருக்கும் பெட்டியைத் தவிர எதையும் படிக்க முடியாது. பழந்துணிகளை வாசலிலேயே மறுத்துவிடுங்கள். மனக்கசப்பு வரும்தான், ஆனால் புதிய நைட்டி, லுங்கி, உள்ளாடை, நாப்கின் ஆகியவற்றுக்கு வேண்டிய இடத்தை அவை அடைத்துக்கொள்ளும்.

கணக்குக்கு நான் பரிந்துரைப்பது, கடைகளில் கார்பன் தாள் வைத்து எழுதும் பில் புத்தகம். கணினியில் அட்டவணை போடுவது அழகாக இருக்கும். ஆனால் அந்த நாள்களில் மின்சாரமும் இல்லை, கைபேசித் தொடர்பும் சரியாக இல்லை. ஒரு தாள் ஓட்டுநரோடு போகட்டும், நகல் புத்தகத்தில் இருக்கட்டும். பெற்றவரின் கையொப்பத்தோடு அந்தத் தாள் திரும்பும் வரை, பொருளை "வழியில்" என்றே எழுதுங்கள், "வழங்கப்பட்டது" என்று எழுதாதீர்கள்.

ஏற்றும்போது, கடைசியில் இறக்க வேண்டியதை முதலில் ஏற்றுங்கள். தண்ணீரின் எடையைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். குடிப்பதற்கு மட்டும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் என்று வைத்தாலும், நால்வர் குடும்பத்துக்கு மூன்று நாளுக்கு 36 லிட்டர், அதாவது ஏறத்தாழ இரண்டு 20 லிட்டர் கேன்கள் தேவை. முக்கால் டன் ஏற்றும் குட்டியானை எனும் சிறிய சரக்கு வண்டியில் சுமார் 35 கேன்கள்தான் போகும். பதினேழு குடும்பங்களோடு வண்டி நிறைந்துவிடும். அதனால் கேன்களுக்குத் தனி வண்டி வைத்துவிட்டு, மற்ற பைகளோடு, நீரிலுள்ள கிருமிகளைக் கொல்லும் குளோரின் மாத்திரைகளை அனுப்பத் தொடங்கினோம்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த சிலர் சுட்டிக்காட்டிய இரண்டு விடுபடல்களைச் சேர்க்கிறேன். குளோரின் மாத்திரைகளில் பல அளவுகள் உண்டு. எத்தனை லிட்டருக்கு ஒன்று, கலங்கல் நீரைத் துணியில் வடிகட்டிய பிறகே போட வேண்டும், அரைமணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும் என்று தமிழில் எழுதிய துண்டுச்சீட்டு இல்லாமல் அவற்றைக் கொடுக்காதீர்கள். அடுத்தது பால்பவுடர். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு, அசுத்த நீரில் கரைத்த பால்பவுடர் வயிற்றுப்போக்கைத்தான் கொண்டுவரும். ஆகவே அதைப் பொதுப் பையில் போடாமல் தனிப் பெட்டியில் வைத்திருந்து, ஏற்கெனவே புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளின் வீடுகளுக்கு மட்டும், நீரைக் கொதிக்க வைக்க வழி உண்டா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.