பெண்கள் விரும்பி ஆடும் கணினி விளையாட்டை உருவாக்குவது எப்படி?

கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ இருந்துகொண்டு கணினி விளையாட்டு உருவாக்க முனைபவர்கள், பெண்களுக்குப் பிடிக்கத் திரை முழுக்க இளஞ்சிவப்பைப் பூசினால் போதும் என்ற எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். 1980இல் வெளிவந்த பேக்மேன் என்ற கணினி விளையாட்டை வடிவமைத்த தோரு இவதானி, ஆண்களே மிகுதியாகக் கூடிய, காசு போட்டுத் திரையில் ஆடும் விளையாட்டுக் கூடங்களுக்குப் பெண்களையும் வரவழைக்க எண்ணியபோது, சுடுவதை விட்டுவிட்டுச் சாப்பிடுவதை ஆட்டத்தின் மையமாக்கினார். (அதில் வரும் பேய்களில் ஒன்று இளஞ்சிவப்பு என்பது வேறு விஷயம்.)

ஆகவே, ஆடுபவருக்கு என்ன வேலை கொடுப்பது என்பதிலிருந்து தொடங்குங்கள். நம் பக்கத்து மாங்காய் மண்டியை எடுத்துக்கொண்டால், விழும் பழத்தைக் கூடையில் பிடிக்கும் ஆட்டம் சீக்கிரமே சலித்துவிடும். பெங்களூரா ரக மாங்காயை உடனே கூழ் ஆலைக்கு அனுப்புவதா, செந்தூரா ரகத்தைப் பழுக்க வைத்து விற்பதா, கடன் சொல்லும் வியாபாரியை நம்புவதா என்று முடிவெடுக்க வைத்தால், இன்றைய முடிவின் பலன் மறுநாள் ஆட்டத்தில் வந்து நிற்கும். கணக்கும் மனிதர்களும் ஒன்றாகப் பின்னிக்கொள்வார்கள். 2000இல் வந்த தி சிம்ஸ் விளையாட்டைப் பெண்கள் பெருமளவில் ஆடியதற்கு, இன்னதுதான் வெற்றி என்று விதிக்காமல் வீட்டையும் அதில் வாழ்பவர்களையும் ஆடுபவரின் விருப்பத்துக்கே அது விட்டது முக்கியக் காரணம் என்பேன். போட்டி பெண்களுக்கு ஆகாது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். தாயம் ஆடும்போது எதிராளியின் காயை வெட்டும் பெண்ணைப் பார்த்தவர் எவரும் அப்படிச் சொல்லமாட்டார்.

அடுத்தது நேரம். பல வீடுகளில் பெண் பிள்ளையின் கைக்கு வருவது அப்பாவின் அல்லது அண்ணனின் கைப்பேசி. "தண்ணி வந்துடுச்சு, குடத்த எடு" என்ற குரல் கேட்டதும் அதை வைத்துவிட்டு எழ வேண்டும். எனவே, ஆட்டம் எந்த நொடியில் நின்றாலும் தானாகவே சேமிக்கப்பட வேண்டும். இணையம் இல்லாமலும், பழைய கைப்பேசியிலும் திணறாமல் ஓட வேண்டும். பிறரோடு சேர்ந்து ஆடும் வசதி வைத்தால், குரல் அரட்டை தொடக்கத்தில் அணைந்தே இருக்கட்டும். உண்மைப் பெயரையும் படத்தையும் கேட்காதீர்கள். தொல்லை தருபவரைத் தடுக்கும் பொத்தான் தேடாமலேயே கண்ணில் படட்டும்.

நிரல் எழுதும் முன் ஆட்டத்தை அட்டையில் வரைந்து, நாலைந்து பெண்களிடம் ஆடக் கொடுங்கள். "நல்லா இருக்கா?" என்று கேட்டால், மரியாதைக்காகவே "நல்லா இருக்குண்ணா" என்று சொல்லிவிடுவார்கள். எங்கே விரல் தயங்குகிறது, எந்த இடத்தில் பக்கத்திலிருப்பவளோடு வாதம் கிளம்புகிறது, ஆட்டம் முடிந்ததும் யார் "இன்னொரு வாட்டி" என்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வாதம் எழுந்த இடங்களை விரிவாக்குங்கள். பேச்சில்லாமல் கடந்துபோன இடங்களைத் தயங்காமல் நீக்கிவிடுங்கள்.