எல்எஸ் 3/5ஏ: பழைய பிபிசி ஸ்பீக்கர் ஜோடியைப் பார்த்து வாங்குவது எப்படி

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஆசைப்பட்ட ஒரு பொருள் கைக்கெட்டும் விலையில் விற்பனைக்கு வரும் நாளில் நிதானம் இழக்காமல் இருப்பது எளிதன்று. பிபிசியின் எல்எஸ் 3/5ஏ ஸ்பீக்கரைத் தேடி அலைந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இங்கிலாந்தில் வசிக்கும் நான் அதை இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். முதல் முறை படத்தைப் பார்த்து வாங்கினேன். இரண்டாம் முறை விற்பவரின் வீட்டுக்குச் சென்று உட்கார்ந்து கேட்டு வாங்கினேன். இப்போது தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு அந்த அனுபவம் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பிபிசியின் பெயரிடும் முறையில் 'எல்எஸ்' என்பது லவுட்ஸ்பீக்கரையும், 3 என்பது வெளிப்புற ஒலிபரப்பையும், 5 என்பது அந்த வரிசையின் ஐந்தாவது வடிவமைப்பையும், 'ஏ' என்பது திருத்தப்பட்ட வடிவத்தையும் குறிக்கும். ஸ்டூடியோக்களின் ஒலித்தன்மையை எட்டில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரிகளில் ஆராய்ந்தபோது உருவான சிறிய ஸ்பீக்கரே இதன் முன்னோடி. இடம் குறைவான ஒலிபரப்பு வேன்களில் பேச்சுக்குரல் இயல்பாக இருக்கிறதா என்று கவனித்துச் சொல்வதற்கு ஏற்றதாக அது செம்மைப்படுத்தப்பட்டது. அதன் வடிவமைப்பை விளக்கும் அறிக்கையை பிபிசி ஆய்வுத் துறை 1976இல் வெளியிட்டது. உரிமம் பெற்ற ரோஜர்ஸ், ஸ்பெண்டார், சார்ட்வெல், ஆடியோமாஸ்டர், ஹார்பெத் போன்ற நிறுவனங்கள் 1990களின் இறுதி வரை இதைத் தயாரித்தன. முகப்பில் எந்தப் பெயர் இருந்தாலும், உள்ளே இருப்பவை கெஃப் நிறுவனத்தின் பி110 ஊஃபரும் (தாழ்ந்த ஒலிகளைத் தருவது) டி27 ட்வீட்டரும்தான் (உயர்ந்த ஒலிகளைத் தருவது).

வாங்கப் போகிறவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது, தாம் வாங்குவது இரண்டு ஸ்பீக்கர்களை அல்ல, ஒரு ஜோடியை என்பதுதான். ட்வீட்டரும் ஊஃபரும் ஒன்றுக்கொன்று சற்றே கூடக்குறைய இருக்கும் என்பதை அறிந்தே, முதலில் வந்த 15 ஓம் (மின்தடையின் அளவு) வகையின் கிராஸோவரில், அதாவது உயர்ந்த, தாழ்ந்த ஒலிகளைப் பிரித்து அனுப்பும் மின்சுற்றில், பல இணைப்பு முனைகள் கொண்ட சுருள் ஒன்றை வைத்திருந்தார்கள். எந்தப் பெட்டிக்கு எந்த முனை பொருந்துமோ அதில் இணைத்து, ட்வீட்டரின் ஒலி அளவை ஊஃபரோடு பொருத்தினார்கள். பின்னாளில் யாரோ ஒருவர் ஒரு பக்கத்து ட்வீட்டரை மட்டும் மாற்றியிருந்தால் அந்தப் பொருத்தம் அப்போதே குலைந்துபோயிருக்கும். அது படத்தில் தெரியாது.

1980களின் பிற்பகுதியில் கெஃப் தன் ஊஃபரைத் திருத்தியதை ஒட்டி கிராஸோவரும் மாறியது. 15 ஓமாக இருந்த ஸ்பீக்கர் 11 ஓம் ஆனது. 15 ஓம் வகையில் எஃப்எல்6/23 என்ற கிராஸோவரும், 11 ஓம் வகையில் எஃப்எல்6/38 என்ற கிராஸோவரும் இருக்கும். நான் முதலில் வாங்கிய 'ஜோடி'யில் ஒன்று 15 ஓம், மற்றது 11 ஓம். மரத்தின் நிறமும் முகப்பும் ஒத்திருந்ததால் பின்பக்கத்துச் சீட்டுகளைப் படிக்கத் தவறிவிட்டேன். நடுவில் நிற்க வேண்டிய பாடகரின் குரல் எப்போதும் ஒரு பக்கமாகவே சாய்ந்து நின்றது. அதற்கு அறையும் ஆம்ப்ளிஃபயரும் காரணம் என்று நினைத்து ஒரு மாதம் வீணாக்கினேன்.

எனவே நேரில் செல்லும் முன்பே இரு பெட்டிகளின் பின்பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஓம் அளவு ஒன்றாக இருக்க வேண்டும். ரோஜர்ஸ் பெட்டிகளில் பெரும்பாலும் ஒரே வரிசை எண்ணும் அதன் முடிவில் 'ஏ', 'பி' என்ற எழுத்துகளும் இருக்கும். எண்கள் வெகுவாக விலகியிருந்தால் காரணத்தைக் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் போக வேண்டாம். கிராஸோவரில் பாகங்களை மாற்றி 'மேம்படுத்தியதாக' விற்பவர் சொன்னால், கழற்றிய அசல் பாகங்கள் இருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான் மாற்றப்படாத ஜோடியையே தேர்ந்தெடுப்பேன்.

விற்பவரின் வீட்டில் முதலில் முகப்பை மூடியிருக்கும் கிரில்லை இரு பக்கமும் பிடித்து மெல்ல இழுத்துக் கழற்றுங்கள். வெல்க்ரோ விடும் சத்தம் கேட்கும். ட்வீட்டரைச் சுற்றித் தடித்த கம்பளிப் பட்டைகள் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். அவை அழகுக்காக வைத்தவை அல்ல. முகப்பின் விளிம்பில் பட்டுச் சிதறும் ஒலியைக் குறைக்கின்றன. ட்வீட்டரின் மேலுள்ள உலோக வலை நசுங்கியிருந்தால் உள்ளிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குவிமாடமும் அடிபட்டிருக்கலாம். கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் பள்ளம் இருப்பது தெரியும். அக்காலத்து ஸ்பீக்கர்கள் பலவற்றின் கோன் (ஊஃபரின் அதிரும் கூம்பு) விளிம்பிலிருந்த ஃபோம் பொடிந்து உதிர்ந்துவிடும். பி110இன் விளிம்பு ரப்பர் போன்ற பொருள் என்பதால் அந்தக் கவலை இதில் இல்லை. மரப்பரப்பில் கீறலோ வெயில் பட்டு வெளுத்த இடமோ இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். அதற்காக ஜோடியையே விட்டுவிட வேண்டியதில்லை.

அடுத்தது கேட்பது. இதற்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள், அதையும் விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஆம்ப்ளிஃபயரை மோனோவில் (இரு பெட்டிகளிலும் ஒரே ஒலி வரும்படி) வைத்து, செய்தி வாசிப்பு போன்ற ஒற்றைப் பேச்சுக்குரல் பதிவை ஒலிக்க விடுங்கள். இரு பெட்டிகளுக்கும் சம தூரத்தில் அமர்ந்தால், நடுவில் ஒருவர் உட்கார்ந்து பேசுவதைப் போலக் குரல் ஓரிடத்தில் குவிந்து நிற்க வேண்டும். 'ச', 'ஷ' போன்ற ஒலிகள் மட்டும் ஒரு பக்கம் ஒதுங்கினால், மறுபக்கத்து ட்வீட்டர் தளர்ந்திருக்கலாம். உடனே முடிவு கட்டாமல் இடத்துப் பெட்டியை வலத்திலும் வலத்துப் பெட்டியை இடத்திலும் மாற்றி வைத்துக் கேளுங்கள். சாய்வு பெட்டியோடு சேர்ந்து இடம் மாறினால் குறை பெட்டியில். மாறாமல் அங்கேயே இருந்தால் அறையிலோ ஆம்ப்ளிஃபயரிலோ. பிறகு தாழ்ந்த சுருதி ஒன்றைக் குறைந்த ஒலியில் விட்டு, ஒவ்வொரு ஊஃபரின் அருகிலும் காதை வைத்துக் கேளுங்கள். காகிதம் உரசுவதைப் போன்ற சத்தம் வந்தால் உள்ளே அசையும் கம்பிச் சுருள் (வாய்ஸ் காயில்) உரசுகிறது என்று பொருள். அந்தப் பெட்டி வேண்டாம்.

நான் இரண்டாம் முறை சென்ற வீட்டில், அந்தப் பெரியவர் தேநீர் வைத்துக் கொடுத்துவிட்டு, வானொலியை அந்தப் பெட்டிகளில் போட்டார். வாசிப்பவர் ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சை இழுத்துத் தாளைத் திருப்பியது, இரு பெட்டிகளுக்கும் நடுவே, வெறும் சுவருக்கு முன்னால் கேட்டது. பத்து நிமிடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் எல்லாச் சோதனைகளையும் முடித்த பிறகே பணம் கொடுத்தேன்.

ஒரு மல்டிமீட்டர் கொண்டுபோவது நல்லது. முனைகளில் அளந்தால் 15 என்றோ 11 என்றோ காட்டாது, அதைவிடக் குறைவாகவே காட்டும். இரு பெட்டிகளும் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்டுகின்றனவா என்பதே கேள்வி. 1.5 வோல்ட் பேட்டரியின் எதிர்முனையைக் கருப்பு முனையோடு இணைத்து, நேர்முனையைச் சிவப்பு முனையில் ஒரு கணம் தொட்டு எடுத்தால் இரு ஊஃபர்களும் ஒரே திசையில் அசைய வேண்டும். எதிரெதிராக அசைந்தால் யாரோ உள்ளே திறந்து வயர்களை மாற்றியிருக்கிறார்கள்.

விலையைப் பொறுத்தவரை, விற்பவர்கள் கேட்கும் தொகையை விட்டுவிட்டு, அண்மையில் உண்மையாகவே விற்று முடிந்த தொகைகளைப் பாருங்கள். சேகரிப்பவர்கள் 15 ஓம் வகையைத் தேடுவதால் அதன் விலை ஏறியிருக்கிறது. கேட்டு மகிழ்வதற்காக வாங்குபவருக்கு நல்ல நிலையிலுள்ள 11 ஓம் ஜோடியில் எந்தக் குறையும் இல்லை. தமிழ்நாட்டுக்கு வரவழைக்க நினைப்பவர்கள், பழைய பொருள் இறக்குமதிக்கான விதிகளையும் வரியையும் சுங்க முகவரிடம் கேட்டறிந்த பிறகே பணம் அனுப்ப வேண்டும். மின்சாரத்தில் செருகும் கருவி இல்லை என்பதால், ஊர் மாறினாலும் வோல்டேஜ் பிரச்சினை மட்டும் வராது.

ஒரு பெட்டி சுமார் 5 கிலோதான் இருக்கும். முடிந்தவரை நீங்களே காரின் பின்னிருக்கையில் வைத்து, பெல்ட் போட்டு எடுத்து வாருங்கள். வீட்டில் கனமான ஸ்டாண்டில், ட்வீட்டர் காதின் உயரத்துக்கு வரும்படி, சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். சுமார் 83 டெசிபல் உணர்திறன் (கொடுக்கும் மின்திறனுக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு) மட்டுமே கொண்ட சிறிய பெட்டி இது. பெரிய கூடத்தை நிரப்ப வேண்டும் என்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போனால் ஊஃபர் தாங்காது. கிரில்லை மாட்டியே கேளுங்கள். அது இருக்கும் என்று கருதித்தான் இந்த ஸ்பீக்கரை வடிவமைத்தார்கள்.