சாம்பல் நாரைய அடையாளம் கண்டுபிடிச்சு, அதோட கூட்டையும் பாக்குறது எப்படி

சிங்கப்பூர்ல பாசிர் ரிஸ் பார்க்ல நடக்கப் போறவங்க இந்தப் பறவைய ஒரு தடவையாவது பாத்திருப்பீங்க. சதுப்புநிலக் காட்டு ஓடையில தண்ணி வத்துன நேரம், நாலு வயசுப் புள்ள உயரத்துக்கு அசையாம நின்னுக்கிட்டு இருக்கும். சாம்பல் நிற முதுகு, வெள்ளைக் கழுத்து, கண்ணுக்கு மேல ஆரம்பிச்சுப் பின்னால தொங்குற கறுப்புக் கொண்டை. அதுதான் சாம்பல் நாரை. நான் இத ஒழுங்கா அடையாளம் சொல்லக் கத்துக்கவே ஏழெட்டு மாசம் ஆச்சு, நீங்க ஒரே காலையில கத்துக்கலாம், அதுக்குத்தான் இத எழுதுறேன்.

முதல் படி, நேரம். போன்ல டைட் டேபிள்னு தட்டி, அன்னைக்கு வத்தம், அதாவது கடல் தண்ணி இறங்குறது, எத்தன மணிக்குன்னு பாருங்க. நம்ம கடல்ல பெரும்பாலும் ஒரு நாளைக்கு ரெண்டு ஏத்தம், ரெண்டு வத்தம். தண்ணி இறங்க ஆரம்பிச்சு சேறு தெரியுற நேரத்துக்குப் போய் நின்னா மீன் பிடிக்கிறதப் பாக்கலாம். முழு ஏத்தத்துல போனீங்கன்னா எல்லாம் மரத்து மேல உக்காந்து தூங்கிக்கிட்டு இருக்கும்.

ரெண்டாவது, பைனாக்குலர். எட்டு மடங்குதான் வாங்குங்க, 8x42னு போட்டிருக்கும். கடையில பத்து மடங்கு வாங்கச் சொல்வாங்க, வேணாம். கை நடுக்கம் அதுல ரொம்பத் தெரியும், பறக்குற பறவையப் பிடிக்கவும் முடியாது. கேமராவ முதல் ரெண்டு மூணு தடவை வீட்டுலயே வச்சுட்டு வாங்க. படம் எடுக்கணும்கிற அவசரத்துல பறவையப் பாக்கவே மாட்டோம்.

மூணாவதுதான் நான் மாட்டுன இடம், இத நிதானமாப் படிங்க.

நம்ம ஊர்ல இதுக்கு ஒரு சொந்தக்காரன் இருக்கு, செந்நாரை. கழுத்து செம்பழுப்பு, அதுல நீளவாக்குல கறுப்புக் கோடு, உடம்பு கொஞ்சம் ஒல்லி, மூக்கும் மெலிசு. வெயில்ல பக்கத்துல நின்னா ரெண்டையும் கொழப்பவே முடியாது. ஆனா காலையில ஏழு மணிக்குச் சூரியன் அது பின்னால இருந்து அடிக்கும்போது ரெண்டுமே வெறும் கறுப்பு நிழல்தான், சாம்பலும் தெரியாது செவப்பும் தெரியாது. அதுக்கு மேல சாம்பல் நாரையோட இளசுக்கு அந்தக் கறுப்புக் கொண்டையும் சரியா இருக்காது, தலையெல்லாம் மங்கலா ஒரே சாம்பல். அப்படி ஒரு இளசத்தான் நான் மாசக்கணக்கா வேற பேரு சொல்லி நோட்டுல எழுதி வச்சிருந்தேன்.

அதனால நிறத்த நம்பாதீங்க, பறக்குற வரைக்கும் காத்திருங்க. ரெண்டுமே கழுத்த எஸ் மாதிரி மடிச்சுத்தான் பறக்கும். சாம்பல் நாரைக்கு அந்த மடிப்பு கொஞ்சம் வட்டமா நெஞ்சோட ஒட்டி இருக்கும். செந்நாரைக்கு அது கீழ பை மாதிரி தொங்கும், தனியாத் தெரியும். அப்புறம் காலப் பாருங்க, செந்நாரையோட வெரல் ரொம்ப நீளம், வாலுக்குப் பின்னால வெரல் விரிஞ்சு துருத்திக்கிட்டு இருக்கும். சாம்பல் நாரைக்குப் பாதம் சேந்து ஒரே குச்சியா நீட்டிக்கிட்டுப் போகும். கழுத்து, பாதம், இந்த ரெண்டு போதும், எவ்வளவு இருட்டுல பாத்தாலும் சொல்லிடலாம். இத நான் ஒரு காலையில நாப்பது நிமிஷம் ஒரே இடத்துல நின்னு, ஒண்ணு போக ஒண்ணு வரப் பாத்துத்தான் புரிஞ்சுக்கிட்டேன்.

பின்சேர்க்கை: இதப் படிச்சுட்டு ஒரு தங்கச்சி சுங்கை பூலோ சதுப்புநிலக் காப்பகத்துக்குப் போயிட்டு வந்து, "அக்கா, நான் பாத்த நாரை கழுத்த நேரா நீட்டிப் பறந்துச்சே"ன்னு கேட்டாங்க. நல்ல கேள்வி. தமிழ்ல நாம நாரைன்னு சொல்றது ரெண்டு தனித்தனிக் குடும்பம். மஞ்சள் மூக்கு நாரை மாதிரியானது கழுத்த நீட்டித்தான் பறக்கும், அவங்க பாத்தது அதுதான். சாம்பல் நாரையும் செந்நாரையும் உண்மையில கொக்குக் குடும்பம். பேரப் பாத்து ஏமாந்துடாதீங்க.

நாலாவது, கூடு. எல்லாரும் அண்ணாந்து பாத்துத் தேடுவாங்க. நீங்க கீழ பாருங்க. செடி இலை, பலகைப் பாதை, கைப்பிடி எல்லாம் சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி வெள்ளையா இருந்தா அதுக்கு நேர் மேலதான் கூடு. லேசா மீன் வாடையும் வரும். குஞ்சு இருந்தா "கெக் கெக் கெக்"னு நிக்காம சத்தம் கேக்கும், நான் முதல்ல அத ஏதோ மெஷின் சத்தம்னு நெனச்சேன். தொப்பி கண்டிப்பா போட்டுக்குங்க.

கூடு குச்சியால அடுக்குன ஒரு பெரிய மேடை, மரத்து உச்சியில, பக்கத்துப் பக்கத்துல பல ஜோடி. ஆண் குச்சி கொண்டாந்து குடுக்கும், பொட்டை அத வாங்கிச் சொருகும். ஒரு தடவை ஆண் கொண்டாந்த குச்சி அது றெக்கை அகலத்துக்கு இருந்துச்சு, பொட்டை வாங்கி இந்தப் பக்கம் வச்சுப் பாத்து, அந்தப் பக்கம் வச்சுப் பாத்து, கடைசியில கூட்டோட ஓரத்துல குத்தி நிறுத்துச்சு. ஆண் பக்கத்துலயே நின்னு பாத்துக்கிட்டு இருந்துச்சு. ஜோடி சேர்ற சமயம் மூக்கும் காலும் ஆரஞ்சு கலந்த ரோஸ் நிறத்துக்கு மாறும், கொஞ்ச நாள்தான், அது கண்ணுல பட்டா விட்டுடாதீங்க.

முட்டை வெளிறின நீலப்பச்சை, பொதுவா மூணுல இருந்து அஞ்சு. ரெண்டு பேரும் மாறி மாறி அடைகாத்து 25, 26 நாள்ல பொரியும். எல்லாம் ஒரே நாள்ல பொரியாது, அதனால மூத்ததுக்கும் கடைசிக்கும் உடம்புல பெரிய வித்தியாசம் தெரியும், சாப்பாடு கொறஞ்சா கடைசிக் குஞ்சு தப்பிக்கிறது கஷ்டம். பாக்க மனசு கனக்கும், ஆனா நாம தலையிடக் கூடாது. குஞ்சு தாய் மூக்கக் கவ்வி இழுக்கும், அது உள்ள இருந்து மீனக் கக்கும். கிட்டத்தட்ட 50 நாள்ல றெக்கை முத்திப் பறந்துடும்.

நேரம் கெடைச்சா சுங்கை பூலோவுக்கும் போங்க, கிராஞ்சி எம்ஆர்டில 925 பஸ். முன்ன இறால் குட்டையா இருந்த இடம், 1993ல பூங்காவாத் திறந்து 2002ல சட்டப்படி காப்பகம் ஆச்சு. முதலை இருக்கு, பாதைய விட்டு இறங்காதீங்க. ஆனா கூடு பாக்க மொதல்ல பாசிர் ரிஸ்தான் என் சாய்ஸ், சின்னப் புள்ளைங்களோட போறவங்களுக்கு நடையும் கம்மி.

ரொட்டி, மீன் எதுவும் போடாதீங்க, வனவிலங்குச் சட்டப்படி முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம். போன்ல பறவைச் சத்தம் போட்டுக் கூப்பிடுறதும் வேணாம், அடைகாக்குறது எழுந்துட்டா காக்கா முட்டையத் தூக்கிட்டுப் போயிடும்.

குஞ்சு கீழ விழுந்து கிடந்தா தூக்கப் போகாதீங்க, பயத்துல கண்ணப் பாத்துக் கொத்தும். பத்தடி தள்ளி நின்னு தேசியப் பூங்காக் கழகத்துக்குப் போன் போடுங்க, அவங்க வர்ற வரைக்கும் யாரும் நாயக் கூட்டிக்கிட்டுக் கிட்ட வராமப் பாத்துக்குங்க.