ஹார்ட் டிஸ்க் கூண்டைத் திருத்திக் கேபினட்டுக்குள் காற்று வழி அமைப்பது எப்படி?

பழைய மிட் டவர் (நடுத்தர உயரமுள்ள) கணினி கேபினட்டுகள் பலவற்றில், முன்பக்க ஃபேனுக்கு நேர் பின்னால் ஹார்ட் டிஸ்குகளை அடுக்குவதற்கான தகட்டுக் கூண்டு நிற்கிறது. நான்கைந்து டிஸ்குகளுக்காக அமைக்கப்பட்ட அந்தக் கூண்டில் இன்று பெரும்பாலும் ஒரு டிஸ்க்கும், சில வேளைகளில் ஓர் எஸ்எஸ்டியும் மட்டுமே இருக்கின்றன. காலியாகக் கிடக்கும் மற்ற அறைகளின் தகடுகள், கிராபிக்ஸ் கார்டுக்குப் போய்ச் சேர வேண்டிய காற்றை மறித்துக்கொண்டிருக்கின்றன. கேபினட் ஃபேன் உண்டாக்கும் அழுத்தம் மிகக் குறைவு. அந்த அழுத்தம் தாங்கக்கூடிய நீரின் உயரத்தில் சொன்னால் பொதுவாக ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ஆகவே எதிரே தடை இருந்தால் காற்றின் ஒரு பகுதி அதைத் தாண்டிச் செல்லாமல், பக்கவாட்டு இடுக்குகள் வழியாக முன்பக்கத்துக்கே திரும்பி, மறுபடியும் அதே ஃபேனுக்குள் இழுக்கப்படுகிறது. இத்தகைய கேபினட்டில் விலை கூடிய ஃபேனை வாங்கி மாட்டுவதைவிட, முதலில் தடையை நீக்குவதே பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

தகட்டில் கை வைப்பதற்கு முன், இப்போதைய வெப்பநிலையை அளந்து எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ, லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் ஆகியவை டிஸ்கின் வெப்பநிலையைக் காட்டும்; டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் அது பெரும்பாலும் 194ஆம் எண்ணில் இருக்கும். பெரிய கோப்புகளை அரை மணி நேரம் நகலெடுக்க விட்டும், கிராபிக்ஸ் கார்டுக்குத் தொடர்ந்து வேலை கொடுத்தும் அளக்க வேண்டும். அறையின் வெப்பநிலையையும் பக்கத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். டிஸ்க் எவ்வளவு குளிர்ந்தாலும் நல்லது என்று எண்ண வேண்டியதில்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து கூகுள் பொறியாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், குறைந்த வெப்பநிலையில் இயங்கியவை கூடுதலாக உழைத்ததாகத் தெரியவில்லை. மிக அதிக வெப்பத்தில், அதுவும் வயதான டிஸ்குகளில்தான் பழுது கூடியது. டிஸ்க் 45 பாகை செல்சியஸுக்குக் கீழே இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டு, மிச்சக் காற்றை கிராபிக்ஸ் கார்டுக்கும் சிபியூவுக்கும் விட்டுக்கொடுப்பதே இந்த வேலையின் நோக்கம்.

வெட்டாமலே செய்யக்கூடியவற்றை முதலில் செய்து பார்க்கலாம். இரண்டு டிஸ்குகள் அடுத்தடுத்து இருந்தால் இடையில் ஓர் அறையைக் காலியாக விட வேண்டும். 3.5 அங்குல டிஸ்க் ஏறக்குறைய 26 மில்லிமீட்டர் உயரம் கொண்டது என்பதால், நெருக்கமாக அடுக்கினால் நடுவே காற்று நுழைய மெல்லிய இடுக்கு மட்டுமே மிஞ்சும். கூண்டுக்குள் சுருட்டித் திணித்த எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி) கேபிள்களை வெளியே எடுத்து, மதர்போர்டுத் தட்டின் பின்பக்கம் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். கேபினட்டின் முன் ஓர் ஊதுவத்தியைப் பிடித்தால் புகை எங்கே உள்ளே இழுபடுகிறது, எங்கே எதிர்த்து வெளியே வருகிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

இதற்குப் பிறகும் போதவில்லை என்றால் கூண்டை ஆராய வேண்டும். ஸ்க்ரூவில் நிற்கும் கூண்டு என்றால் கழற்றிவிடலாம். பல கேபினட்டுகளில் அது பாப் ரிவெட்டால், அதாவது தகடுகளை இணைக்கும் தறையாணியால், அடிக்கப்பட்டிருக்கும். சில கேபினட்டுகளில் மேலே டிவிடி டிரைவுக்காக உள்ள 5.25 அங்குல அறைகளின் எடையைத் தாங்குவதே இந்தக் கூண்டுதான். அப்படிப்பட்டதை முழுவதும் எடுத்தால் முன்பக்கம் ஆட்டம் காணும். அங்கே மேல் பாதியை மட்டும் எடுப்பதோ, பக்கச் சுவரை விட்டுவிட்டு நடுத்தகடுகளை மட்டும் வெட்டுவதோ நல்லது.

ரிவெட்டை எடுப்பதற்கு முன் மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ், டிஸ்க் அனைத்தையும் வெளியே எடுத்துவிட வேண்டும். துணி போட்டு மூடிக்கொண்டு டிரில் செய்யலாம் என்று யார் சொன்னாலும் கேட்கக் கூடாது. ஓர் உலோகத் துகள் மதர்போர்டில் இரண்டு முனைகளுக்கு நடுவே விழுந்தால் போதும், போர்டே போய்விடும். ரிவெட்டின் நடுவில் எஃகு ஆணியின் நுனி தெரியும். அதை மெல்லிய பஞ்ச் கருவியாலோ ஆணியாலோ தட்டி உள்ளே தள்ளிவிட்டு, ரிவெட்டின் அளவுக்கே உரிய பிட்டை, பெரும்பாலும் 3.2 மில்லிமீட்டர் பிட்டை, குறைந்த வேகத்தில் தலையின் மீது செலுத்த வேண்டும். தலை அறுந்ததும் ஒரு சிறு வளையமாகப் பிட்டின் மேலேறிச் சுழலும்; அந்தக் கணத்திலேயே நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் அதற்கு மேல் போனால் தகட்டின் துளைதான் பெரிதாகும். ரிவெட்டே பிட்டோடு சேர்ந்து சுற்றினால், பின்புறம் அதன் வாலைக் குறட்டால் பிடித்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கையுறை வெட்டிய தகட்டைத் தூக்கும்போது மட்டும் வேண்டும். டிரில் சுழலும்போது அணிந்தால் பிட்டில் சிக்கிக்கொள்ளும்.

துளைகள் கெடாமல் இருந்தால், நாளை கூண்டு தேவைப்படும்போது எம்3 (3 மில்லிமீட்டர்) போல்ட்டும் நட்டும் போட்டு அதே இடத்தில் மாட்டலாம். இதனாலேயே கூண்டை இழுத்துப் பிடுங்காமல் பொறுமையாக ரிவெட்டை எடுக்கச் சொல்கிறேன்.

அடுத்தது முன்பக்கத் தகடு. ஃபேனுக்கு முன்னால் சிறு சிறு துளைகளாக அடிக்கப்பட்ட பகுதியில் துளைகளைவிடத் தகடே அதிகம் இருந்தால், அதை வட்டமாக வெட்டி எடுப்பதில் நல்ல ஆதாயம் உண்டு. 120 மில்லிமீட்டர் ஃபேனுக்கு ஸ்க்ரூத் துளைகளின் இடைவெளி 105 மில்லிமீட்டர். 140 மில்லிமீட்டர் ஃபேனுக்கு 124.5. மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் ஃபேனை வைத்து உள்வட்டத்தை வரைந்துகொண்டு, ஸ்க்ரூத் துளைகள் தகட்டிலேயே நிற்கும்படி பார்த்து, தகடு வெட்டும் கத்தரியால் வெட்டலாம். விளிம்பின் பிசிறை அரைவட்ட அரத்தால் ராவி, உப்புத்தாள் தேய்த்து, துருப்பிடிக்காதிருக்க பெயின்ட் அடித்து, கம்பி வலை மாட்ட வேண்டும். துகள்களை எடுக்கக் காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். ரிவெட் பெரும்பாலும் அலுமினியம் என்பதால் காந்தத்தில் ஒட்டாது. ஈரத் துணியால் மூலை முடுக்கெல்லாம் துடைத்து, நன்றாக உலர விட வேண்டும்.

டிஸ்கை எங்கே வைப்பது என்பதில்தான் பலரும் கவனக்குறைவாக இருந்துவிடுகிறார்கள். 5.25 அங்குல அறையில் அடாப்டர் போட்டு வைக்கலாம். ஆனால் அங்கே காற்றே போகாவிட்டால் டிஸ்க் முன்பைவிடச் சூடாகும். கூண்டின் கீழ்ப்பகுதியை விட்டுவைத்து, ஃபேன் காற்றின் ஓரம் படும்படி அங்கேயே வைப்பதைத்தான் நான் விரும்புவேன். படுக்கையாகவோ பக்கவாட்டில் செங்குத்தாகவோ வைக்கலாம். சாய்வாக வைக்க வேண்டாம். தகடு மெலிந்துவிட்டதால் அதிர்வு கூடும் என்பதை எண்ணி ரப்பர் வாஷர் போடுவது நல்லது. 3.5 அங்குல டிஸ்குக்கு 6-32 ஸ்க்ரூவும், எஸ்எஸ்டிக்கு எம்3 ஸ்க்ரூவும் உரியவை. தடித்த 6-32 ஸ்க்ரூவை எஸ்எஸ்டியில் வலிந்து முறுக்கினால் மரை கெட்டுவிடும்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டிய பின், ஃபேனைச் சுற்றியுள்ள இடுக்குகளை ஃபோம் பட்டையால் அடைக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் காற்று பின்னோக்கித் திரும்பும் பழைய சிக்கல் ஓரளவு அப்படியே இருக்கும். வழி திறந்துவிட்டதால் தூசியும் கூடுதலாக வரும். ஃபில்டர் போட்டு, அடைந்துபோகும் முன் கழுவி வர வேண்டும்.

இறுதியில் அதே கோப்புகள், அதே வேலை, அதே நேர அளவு என்று மீண்டும் அளந்து, ஒவ்வொரு முறையும் அறை வெப்பநிலையைக் கழித்து வரும் வித்தியாசத்தை ஒப்பிட வேண்டும். கிராபிக்ஸ் கார்டு குளிர்ந்து டிஸ்க் இரண்டொரு பாகை ஏறியிருந்தால் கவலையில்லை. டிஸ்க் 45ஐத் தாண்டினால், அதை ஃபேனை நோக்கி ஓர் அறை நகர்த்தி வைத்து மறுபடியும் அளந்து பாருங்கள்.